கூடோஸ் ஒருமையா, பன்மையா?

ஆங்கிலத்தில் பாராட்டுக்கு கூடோஸ் (kudos) என்று ஒரு சொல் உண்டு. அதில் ஸ்-ஐ விட்டுவிட்டு, அலுவலக மின்னஞ்சலில் யாராவது 'உங்களுக்கு ஒரு பெரிய கூடோ' என்று எழுதிவிட்டால் போதும், கேலி செய்ய ஆள் வந்துவிடுகிறது. "அது கிரேக்கச் சொல், ஒருமை, கடைசியில் வரும் ஸ் பன்மை விகுதி இல்லை" என்று பாடம் நடக்கும். மூல மொழியின் இலக்கணப்படி அது சரிதான். ஆனால் அந்தக் கேலியை என்னால் ஏற்க முடியவில்லை.

டிராய் போரைப் பாடும் பழைய கிரேக்கக் காவியமான ஹோமரின் இலியட்டில் இந்தச் சொல் அடிக்கடி வருகிறது. புகழ் என்று சட்டென்று சொல்லிவிடலாம், ஆனால் புகழுக்கு அங்கே கிளெயோஸ் என்று தனிச்சொல் உண்டு. ஊர் வாயில் நிற்பது, செத்த பிறகும் பாடப்படுவது அது. பெரிக்ளிஸ், ஹெராக்ளிஸ், கிளியோபாட்ரா என்ற பெயர்களுக்குள் இருப்பதும் அதுதான். கூடோஸ் வேறு. வெல்கிற அந்த நேரத்தில் ஒருவன்மேல் வந்து இறங்கும் பொலிவு அது. பெரும்பாலும் கொடுப்பவர் ஜீயஸ் போன்ற கடவுள். இன்று இவனுக்குக் கொடுத்ததை நாளை எதிரிக்கும் கொடுப்பார்.

இலியட்டின் 22ஆம் காண்டத்தில் கிரேக்க வீரன் அக்கிலிஸ், டிராய் இளவரசன் ஹெக்டரை நகரின் மதிலைச் சுற்றித் துரத்துகிறான். கிரேக்கப் படை முழுக்க நின்று பார்க்கிறது. யாராவது ஒருவர் ஆயுதத்தை எறிந்தால் கதை முடிந்துவிடும். அக்கிலிஸ் தலையை அசைத்துத் தடுக்கிறான். வேறொருவன் ஹெக்டரை அடித்து அந்தக் கூடோஸைத் தட்டிக்கொண்டு போனால், தான் இரண்டாவது ஆளாகிவிடுவோமே என்பதுதான் காரணம். இப்படிப் பங்கு போடவே முடியாத ஒன்றுக்குப் பன்மை எதற்கு?

19ஆம் நூற்றாண்டில் கிரேக்கம் படித்த ஆங்கிலேய மாணவர்கள் இதைப் பல்கலைக்கழகப் பேச்சுவழக்காக ஆக்கினார்கள். அப்போதும் மதிப்பு, பேர் என்ற பொருள்தான். 1920களில் அமெரிக்கப் பத்திரிகைகள் கையில் எடுத்தபோது, பாராட்டு என்ற பொருள் பரவியது. அமெரிக்கர்கள் பலர் கடைசி ஒலியை, நாய்கள் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முடிவைப்போல உச்சரித்தார்கள். காதுக்கு அது பன்மையாகவே கேட்டது. அப்புறம் ஸ்-ஐ வெட்டி ஒருமை செய்வதுதானே இயல்பு? ஆங்கிலத்தில் பட்டாணிக்கு பீஸ் (pease) என்பதே ஒருமையாக இருந்தது. பன்மை என்று நினைத்து வெட்டியதில் பீ (pea) வந்தது. செர்ரியும் அப்படித்தான், பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதற்கும் வாலில் ஸ் இருந்தது. இன்று பீ என்று சொல்பவரை யாரும் திருத்துவதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. இன்று கூடோஸைக் கடவுள் தருவதில்லை, கூட வேலை செய்கிறவர் தருகிறார். இரவெல்லாம் உட்கார்ந்து கோளாறைச் சரிசெய்த ஐந்து பேருக்கும் சேர்த்துத் தரலாம். ஒருவர் வாங்கியதால் இன்னொருவருக்குக் குறைவதில்லை. அக்கிலிஸ் பங்கு தர மறுத்த பொருள் எல்லோருக்கும் போய்ச்சேர்கிறது என்றால், நான் அதை நல்ல மாற்றம் என்றே சொல்வேன். பொருள் இவ்வளவு மாறியதை ஏற்றுக்கொண்டவர்கள், கடைசி எழுத்துக்கு மட்டும் ஹோமரைக் கூப்பிடுவது என்ன நியாயம்?

தேர்விலோ கட்டுரையிலோ எழுதுகிறவர்கள் இப்போதைக்கு ஒருமையாகவே வைத்துக்கொள்ளுங்கள், மதிப்பெண் போகாது. மற்றபடி மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் கூடோவுக்கும் இடம் இருக்கிறது.