லெ மாய்னிடம் சிரக்யூஸ் தோற்ற ராத்திரி

ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் கடைசியில் எனக்கு இதே ஆதங்கம்தான். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து சீசன் தொடங்குவதற்கு முன்னால் அணிகள் ஒன்றிரண்டு பயிற்சி ஆட்டங்கள் ஆடும். வெற்றி தோல்விக் கணக்கில் சேராத ஆட்டங்கள். ஆனால் மறுநாள் விடிவதற்குள் "இந்த டீம் இந்த வருஷம் தேறாது" என்று ரசிகர்களே எழுதி முடித்துவிடுகிறார்கள். பத்தொன்பது வயசுப் பையன்கள் அதையெல்லாம் படிப்பார்கள் என்ற நினைப்பே யாருக்கும் இல்லை. அப்படி எழுதுகிற நண்பர்களிடம் நான் எப்போதும் சொல்வது 2009-ல் சிரக்யூஸுக்கு நடந்ததைத்தான்.

நவம்பர் 3, 2009. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரம். ஒரு பக்கம் 2003-ல் தேசியப் பட்டம் வென்ற சிரக்யூஸ் பல்கலைக்கழகம், கோச் ஜிம் போஹைம். எதிரே அதே ஊரில் இருக்கிற லெ மாய்ன் கல்லூரி. அப்போது ஒரு படி கீழே, இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த சின்ன ஜெஸ்யூட் கல்லூரி அது. சிரக்யூஸின் சொந்த அரங்கமான கேரியர் டோமில், 8.3 வினாடி பாக்கி இருக்கும்போது லெ மாய்ன் பையன் ஒருவன் எறிந்த மூன்று புள்ளிப் பந்து ரிங்குக்குள் இறங்கியது. 82-79. சிரக்யூஸ் தோற்றது.

ஊர் சும்மா இருக்குமா? முந்தைய சீசனில் ஆடிய ஜானி ஃப்ளின், எரிக் டெவன்டார்ஃப், பால் ஹாரிஸ் மூன்று பேரும் போய்விட்டார்கள். பக்கத்துத் தெருக் கல்லூரியிடமே தோற்றால் சிரக்யூஸ் அப்போது ஆடிய பிக் ஈஸ்ட் லீக் போட்டிகளில் எப்படித் தாக்குப்பிடிப்பார்கள் என்று கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. ஆனால் ஸ்கோரைப் பார்த்தவர்கள் அளவுக்கு, சிரக்யூஸ் அன்றைக்கு எப்படித் தடுத்து ஆடியது என்பதைப் பார்த்தவர்கள் இல்லை.

போஹைம் என்றாலே 2-3 ஜோன் என்ற தடுப்பு முறைதான். முன்னால் இரண்டு பேர், ரிங்கை ஒட்டி மூன்று பேர். அவரவர் காப்பது ஆளை இல்லை, இடத்தை. பந்து வலது மூலைக்குப் போனால் ஐந்து பேரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல வலது பக்கம் சரிவார்கள். நீளமான கைகள் விரிந்து நின்றால், உள்ளே பந்தைத் தள்ள எதிரணிக்குச் சந்தே கிடைக்காது. அப்படிப்பட்ட கோச் அன்றைக்குப் பெரும்பாலான நேரம் மேன் டு மேன், அதாவது ஆளுக்கு ஓர் ஆளைக் காக்கிற முறையில் ஆடவைத்தார். புது அணியாயிற்றே, இதுவும் வருமா என்று பார்த்தார். வரவில்லை. அது தெரிவதற்கு நவம்பர் 3 ராத்திரியை விட நல்ல ராத்திரி இருக்க முடியாது. ஒரு தோல்வி கூடக் கணக்கில் ஏறவில்லையே.

அதற்கப்புறம் சீசன் முழுக்க ஜோன்தான். மூன்று வாரம் கூட ஆகவில்லை, மேடிசன் ஸ்குவேர் கார்டனில் கலிபோர்னியாவை 95-73, மறுநாள் நடப்புச் சாம்பியன் வட கரோலினாவை 87-71 என்று வென்றார்கள். அயோவா ஸ்டேட்டிலிருந்து மாறி வந்து ஒரு வருஷம் வெளியே உட்கார்ந்திருந்த வெஸ்லி ஜான்சன், ஜோனின் பின்வரிசையில் கையை விரித்து நின்றதை மறக்கவே முடியாது. பிப்ரவரி 27 அன்று அதே கேரியர் டோமில் 34,616 பேர் முன்னால் வில்லனோவாவை 95-77 என்று வென்றார்கள். அடுத்த திங்கட்கிழமை தேசியத் தரவரிசையில் முதல் இடம் சிரக்யூஸுக்கு. லெ மாய்னிடம் தோற்று நாலு மாசம் கூட ஆகியிருக்கவில்லை.

தோற்றால் நல்லது என்று சொல்ல வரவில்லை. ஜெயித்தாலும் இதே கதைதான். 2025 அக்டோபரில் கென்டக்கி, தரவரிசையில் முதல் இடத்தில் இருந்த பர்டூவைப் பயிற்சி ஆட்டத்தில் 78-65 என்று வென்றது. கென்டக்கியின் ஊரான லெக்சிங்டனே கொண்டாடியது. டிசம்பரில் அதே கென்டக்கி கொன்சாகாவிடம் 35 புள்ளி வித்தியாசத்தில் அடிவாங்கியது.

அதனால் நண்பர்களே, அடுத்த தடவை பயிற்சி ஆட்டம் பார்க்கும்போது ஸ்கோரைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். கோச் யார் யாரைச் சேர்த்து இறக்குகிறார், என்ன தடுப்பு ஆடவைக்கிறார், முதல் வருஷப் பையன் ஒரு தப்பு பண்ணினதும் வெளியே இழுக்கிறாரா, விட்டுப் பார்க்கிறாரா, இதைக் கவனியுங்கள். எனக்கு அந்த நாற்பது நிமிஷமே போதும், நவம்பர் முழுக்க யோசிக்க விஷயம் கிடைத்துவிடும்.

சிரக்யூஸ் அந்த வருஷம் பட்டம் வாங்கவில்லை. சென்டர் இடத்தில் ஆடிய அரின்ஸி ஒனுவாகு பிக் ஈஸ்ட் தொடரில் காயப்பட்டு வெளியே உட்கார, மார்ச் 25 அன்று தேசியப் பட்டத்துக்கான தொடரில் பட்லரிடம் 63-59 என்று தோற்று வீடு திரும்பினார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. சீசன் கணக்கு 30-5. அந்த ஐந்தில் லெ மாய்ன் இல்லை. ஆனால் லெ மாய்ன் 2023-ல் முதல் டிவிஷனுக்கு ஏறி வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது, 8.3 வினாடி இருக்கும்போது பந்தை எறிந்த அந்தப் பையன்தான்.