91-ஐ ஒட்டுகிறோம், 90-ஐப் புரட்டிவிடுகிறோம்

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பைபிளின் 91-ஆம் சங்கீதம் இல்லாத வீட்டைப் பார்ப்பது கஷ்டம். கார் கண்ணாடியில், காலண்டரில், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எங்கும் அதுதான். "உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன்" என்று எடுத்துக்கொடுத்தால் சின்னப் பிள்ளைகூட முடித்துவிடும். அதற்கு முந்தின 90-ஆம் சங்கீதம்? பெட்டி நடுவீட்டில் இருக்கும்போது ஆயர் வாசிப்பார். அதோடு சரி. அடுத்த சாவு வரைக்கும் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

தேவன் காப்பார், நீடித்த நாட்களைத் தருவார் என்று சொல்கிற 91-ஐ மட்டும் பிடித்துக்கொண்டால் ஒரு வில்லங்கம் இருக்கிறது. தேவன் உண்மையுள்ளவர் என்பது நீண்ட ஆயுசுக்கு எழுதிக்கொடுத்த கேரண்டி ஆகிவிடுகிறது. யாராவது நாற்பது வயதில் போய்விட்டால் கணக்கு இடிக்கும், உடனே காரணம் தேடுவார்கள். என் உறவில் அப்படி ஒரு துக்க வீடு. வாசலில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டே ஒரு பெரியவர் சொன்னார்: "குடும்ப ஜெபம் ஒழுங்கா இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமாய்யா?" உள்ளே புருஷனை இழந்து உட்கார்ந்திருந்த பெண்ணின் காதில் விழுகிற தூரம்தான். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, இதே 91-ஆம் சங்கீதத்தைச் சொல்லி, கீழே குதி என்றது பிசாசு. வசனம் தெரிந்திருப்பது மட்டும் பெரிய விஷயமில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

90-ஆம் சங்கீதத்தின் தலைப்பு, அது மோசேயின் விண்ணப்பம் என்கிறது; இஸ்ரவேலரை எகிப்திலிருந்து, தேவன் வாக்களித்த கானான் தேசத்தை நோக்கி வனாந்தர வழியாக நடத்தினவர் அவர். அவர்தான் எழுதினாரா என்று பண்டிதர்கள் வாதாடட்டும். தலைப்பை நம்பி வனாந்தரத்தில் வைத்து வாசித்தால் ஒவ்வொரு வரியும் கனக்கிறது. பைபிளின் எண்ணாகமப் புத்தகத்தில், அந்த ஜனத்தில் இருபது வயதுக்கு மேற்பட்ட ஆண்களின் தொகை 6,03,550. காலேபும் யோசுவாவும் தவிர மற்றவர்கள் நாற்பது வருஷத்துக்குள் வனாந்தரத்திலேயே விழுந்தார்கள். வகுத்துப் பாருங்கள், சராசரியாக ஒரு நாளைக்கு நாற்பது சாவுக்கு மேல் வருகிறது. "எங்கள் ஆயுசுநாட்கள் எழுபது வருஷம்" என்பது தினமும் அடக்கம் பார்த்த மனுஷனின் பேச்சு. பெலத்தின் மிகுதியால் எண்பது என்கிறார். அவர் எகிப்து ராஜா பார்வோன் முன்னால் போய் நின்றதே தன் எண்பதாவது வயதில்தான்!

அப்புறம் எட்டாம் வசனம்: "எங்கள் அந்தரங்க பாவங்களை உமது முகத்தின் வெளிச்சத்திலும் நிறுத்தினீர்." இதைச் சொல்பவர் யார்? அங்கும் இங்கும் பார்த்து, ஒருவரும் இல்லை என்று தெரிந்ததும் ஒரு எகிப்தியனைக் கொன்று மணலில் புதைத்தவர். மற்றவர்களுக்காகச் சொன்னதாக எனக்குப் படவில்லை. "எங்கள்" என்று தன்னையும் சேர்த்துக்கொண்டுதான் பேசுகிறார். துக்க வீட்டு நாற்காலிப் பெரியவர்களுக்கு வராதது இந்த "எங்கள்"தான்.

என்னைப் பிடித்து நிறுத்துவது பதினாலாம் வசனம்: "காலையிலே எங்களை உமது கிருபையால் திருப்தியாக்கும்." காலை என்றதும் எனக்கு மன்னா, வனாந்தரத்தில் வானத்திலிருந்து விழுந்த அந்த ஆகாரம், ஞாபகம் வருகிறது. கொத்துமல்லி அளவு, வெள்ளை நிறம், தேனிட்ட பணிகாரத்தின் ருசி. முறுமுறுத்து, கானானுக்குள் போக மாட்டீர்கள் என்று தீர்ப்பு வாங்கிய அதே ஜனத்தின் பாளையத்தைச் சுற்றித்தான் அது விழுந்தது. ராத்திரி அப்பனைப் புதைத்தவனும் காலையில் பாத்திரத்தோடு போய்ப் பொறுக்கியிருப்பான். தீர்ப்பும் மாறவில்லை, மன்னாவும் நிற்கவில்லை. கானானின் விளைச்சலைச் சாப்பிட்ட மறுநாள்தான் நின்றது என்கிறது யோசுவாவின் புத்தகம். முந்தின நாள் எடுத்துவைத்தது புழு பிடித்தது. ஆகவே நேற்றைய இருப்பை நம்பவும் வழியில்லை, நாளைக்கும் அவர் தருவார் என்று தூங்கப் போக வேண்டியதுதான்.

நான் நம்புகிற உண்மைத்தன்மை இதுதான். எத்தனை வருஷம் என்று எனக்குச் சொல்லப்படவில்லை, என் யோக்கியதையைப் பார்த்தும் அது வருவதில்லை. மோசேக்கே கானான் கிடைக்கவில்லை, நேபோ மலையிலிருந்து பார்த்ததோடு சரி. அதற்காக தேவன் அவரைக் கைவிட்டார் என்று யாராவது சொல்வோமா?

91 வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் வீட்டிலும் மாட்டியிருக்கிறது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் புது வருஷத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்க வரிசையில் நிற்பதற்கு முன்னால், ஆயர்கள் 90-ஐயும் ஒருமுறை வாசிக்கட்டும். பதினேழு வசனம்தான், பிரசங்கத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும்.