பப்ளிக் எனிமி விற்காத குழு அல்ல

80களிலும் 90களின் தொடக்கத்திலும் சமூகப் பிரச்சினைகளைப் பாடிய அமெரிக்க ராப் கலைஞர்கள் ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே இருந்தார்கள், வெகுஜனப் புகழ் அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருப்பதால் சொல்கிறேன்: அது சரியல்ல.

பப்ளிக் எனிமியையே எடுத்துக்கொள்ளுங்கள். இனவெறி, போலீஸ், ஊடகம் என்று நேரடியாகப் பேசிய அமெரிக்க ராப் குழு. 1990இல் வந்த அவர்களின் 'ஃபியர் ஆஃப் எ பிளாக் பிளானட்' ஆல்பம், அமெரிக்காவில் அதிகம் விற்கும் ஆல்பங்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு 200 பட்டியலில் 10ஆம் இடம் பிடித்தது. அடுத்த ஆண்டு வந்த ஆல்பம் 4ஆம் இடம்! அது ராப்புக்கான தனிப் பட்டியல் அல்ல, எல்லா வகை இசைக்குமான பொதுப் பட்டியல். 1993 கிராமி விழாவில் சிறந்த புதுமுகம் விருதை வாங்கிய அரெஸ்டட் டெவலப்மென்ட் ராப் குழுவும் இப்படிச் சமூகப் பிரச்சினைகளைப் பாடியவர்கள்தான்.

பாப் வானொலி இவர்களுக்குப் பெரிதாக இடம் தரவில்லை என்பது உண்மை. அப்புறம் அதுவே 'யாரும் கேட்கவில்லை' என்று திரிந்திருக்கலாம். ஆனால் மக்கள் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கினார்கள்.

பில்போர்டு தளத்தில் குழுவின் பெயரைத் தேடினால் ஒவ்வொரு ஆல்பமும் தொட்ட உச்ச இடம் தெரியும். அமெரிக்க இசைப்பதிவுத் துறைச் சங்கத்தின் தளத்தில் விற்பனை அளவை வைத்துத் தரும் கோல்டு, பிளாட்டினம் சான்றிதழ்களைத் தேதியோடு பார்க்கலாம்.