கண்ணகிக்கு முடி வேணுமாம்

என் அக்கா மகளுக்குப் பத்து வயது. நாங்கள் இருப்பது பெருமாள்மலையில். போன வருஷம் தைப்பூசக் கூட்டம் குறைந்த பிறகு பழனிக்கு இறங்கி அவளுக்கு மொட்டை போட்டோம். சின்னதில் காய்ச்சல் விடாமல் அடித்தபோது அக்கா நேர்ந்துகொண்டது. தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு பிள்ளை படியேறினாள். கூடவே மொட்டைத் தலையோடு எத்தனை பெண்கள், கல்யாணமான பெண்கள், வயதான அம்மாக்கள்! அன்றைக்கு ஒருவர்கூட அவளைப் பையனா பொண்ணா என்று கேட்கவில்லை.

நாலு விரல் அளவுக்கு முடி வளர்ந்ததும் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "சித்தி, இதுக்கு மேல வேணாம், இப்படியே இருக்கட்டும்" என்றாள். எனக்குப் புரிந்தது. ஐப்பசி கார்த்திகையில் இந்த மலையில் தலைக்குக் குளித்துப் பாருங்கள். காலையில் குளித்த தலை ராத்திரிவரை காயாது. ஈரத்தோடு ரெட்டை ஜடையை இழுத்துப் பின்னி, ரிப்பன் வைத்து மடித்துக் கட்டி, மூடுபனியில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். நானும் அப்படி நின்றவள்தான். தலைநீர் கோத்து மூக்கடைப்போடு போன நாட்கள்தான் என் பள்ளிக்கூட ஞாபகத்தில் பாதி.

சலூனுக்குக் கூட்டிப்போனேன். "பாப்பாவுக்கா? பாய் கட்டா?" என்று அந்த அண்ணன் மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுத்தார். பாய் கட்! பெண் பிள்ளை வெட்டிக்கொள்கிற முடிக்கும் பையன் பெயர்தான்.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. பஸ்ஸில் "தம்பி, தள்ளி உக்காரு". காதில் தோடு கிடக்கிறது, பாவாடை கட்டியிருக்கிறாள், ஆனாலும் தம்பி. பக்கத்து வீட்டில், "பொம்பளப் புள்ளைக்கு முடிதான அழகு, ஏம்மா வளர விட மாட்டேங்கிறீங்க?" இதே வீட்டுக்காரர்கள்தான் மொட்டை போட்டு வந்தபோது கன்னத்தைத் தொட்டு முத்தம் கொடுத்தவர்கள்.

ஆண்டு விழாவில் கண்ணகி நாடகம் போடுவதாகச் சொன்னார்கள். வழக்குரைக்கிற வசனம் முழுக்க இவளுக்கு மனப்பாடம். சமையல்கட்டில் கரண்டியைச் சிலம்பாகப் பிடித்துக்கொண்டு அவள் பேசியபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. டீச்சர் சொன்னது: "முடி இல்லாம கண்ணகி எப்படிம்மா? சவுரி வச்சாலும் நிக்காதே. நீ பாண்டியனா நடி, உனக்கு ராஜா வேஷம் எடுப்பா இருக்கும்."

அந்த டீச்சர் மேல் எனக்குக் கோபமில்லை. பிள்ளைகளைத் தன் பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொள்கிறவர். பாசத்தோடுதான் சொன்னார். வலிப்பதே அதனால்தான். மெரினாவில் 1968-இல் வைத்த சிலைதான் நம் எல்லாருக்கும் கண்ணகி. ஒரு கையில் சிலம்பு, விரிந்த கூந்தல். அந்தக் கூந்தலில் கண் நின்றுவிடுகிறது. ஆனால் மதுரையில் வழக்குத் தீர்ந்தது எதை வைத்து? அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டினாள், மாணிக்கப் பரல் தெறித்தது, தீர்ந்தது. கூந்தலுக்கு அங்கே என்ன வேலை?

அதே சிலப்பதிகாரத்தில் தலைமுடி களைந்த பெண்ணும் இருக்கிறாள். மாதவி மகள் மணிமேகலை, பூமாலையோடு கூந்தலையும் களைந்துவிட்டுத் துறவுக்குப் போகிறாள். அவளைப் பெண்ணில்லை என்று நாம் சொன்னதில்லை. கைம்பெண்ணின் தலையை மழித்த காலத்திலும் அப்படிச் சொன்னதில்லை. சாமிக்குக் கொடுக்கலாம், துறவுக்குக் களையலாம், புருஷன் செத்தால் ஊரே சேர்ந்து மழிக்கலாம், நோய்க்கு எடுக்கலாம். எனக்குப் பிடித்திருக்கிறது, லேசாக இருக்கிறது என்று ஒரு பெண் தானாக வெட்டினால் மட்டும் அவள் பையன் ஆகிவிடுகிறாள். முடி குட்டையாக இருப்பது நமக்குப் பிரச்சினையே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதை அவளே முடிவு செய்ததுதான் பொறுக்கவில்லை.

நம் சினிமாவும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தது. குட்டை முடி வைத்து வருகிறவள் பணக்காரத் திமிர்பிடித்தவளாக இருப்பாள், இல்லையென்றால் பையன்களோடு சுற்றுகிறவள். கதாநாயகன் மேல் காதல் வந்த அடுத்த பாட்டில் புடவையும் மல்லிகைப்பூவுமாக நிற்பாள். முடி எப்படி வளர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. அவள் 'பெண்ணாகிவிட்டாள்', அவ்வளவுதான்.

வெளியூர்க் கதையிலும் உண்டு. 1998-இல் வந்த டிஸ்னியின் முலான் படத்தில் முலான் என்கிற சீனப் பெண் ஆண் வேஷம் போட வாளால் முடியை அறுத்துக்கொள்வாள். ஆனால் அந்தக் காலச் சீனத்து ஆண்களே நீள முடியைச் சுருட்டி உச்சியில் கொண்டை போட்டவர்கள். படம் எடுத்தவர்கள் தங்கள் ஊர்க் கணக்கை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். நம் ஊரிலும் ஆண்கள் குடுமி வைத்திருந்தவர்கள்தானே? பாரதி காசியில் குடுமியை எடுத்துக் கிராப்பும் மீசையும் வைத்தது அவர் தங்கியிருந்த வீட்டுப் பெரியவருக்கே பிடிக்கவில்லை. ஆண் தலைக்கும் ஊர் ஒரு காலத்தில் கணக்கு வைத்திருந்தது. அதை அவர்கள் உதறிவிட்டார்கள். பெண்களும் கிராப்பு வைத்துக்கொள்ளலாம் என்று பெரியார் சொல்லி எத்தனை வருஷம் ஆகிறது! இந்திரா காந்தி குட்டை முடியோடுதான் இந்த நாட்டை ஆண்டார்.

விழாவில் இவள் பாண்டியனாக நடித்தாள். நன்றாகவே நடித்தாள். சிம்மாசனத்திலிருந்து சரிந்து விழுந்தபோது பெற்றோர்கள் கைதட்டினார்கள். இவள் கண் மட்டும் எதிரே கண்ணகியாக நின்ற பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை ஒரு வரி மறந்தபோது இவள் உதடு அசைந்ததை நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள், "சித்தி, அடுத்த வருஷத்துக்குள்ள முடி இடுப்பு வரைக்கும் வளருமா?" எனக்குப் பதில் வரவில்லை. அக்காதான் சொன்னாள், "வளர்க்கணும்னு தோணுனா வளரு. வேஷத்துக்காக வளர்க்காத. டீச்சர்கிட்ட நான் பேசுறேன்."

அக்கா பேசிவிட்டாள். டீச்சர் யோசிக்கிறேன் என்றிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி சலூனுக்குப் போகிறோம். காதுக்கு மேலே வெட்ட வேண்டுமாம்.