தெரிந்துகொள்ளச் சொன்னேன், பயன்படுத்தச் சொல்லவில்லை

சனிக்கிழமை வகுப்பில் எடுத்த அந்தப் புகைப்படம் எத்தனை வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். கல்யாணம் ஆகாத மாணவிகளை இதைப் பயன்படுத்தச் சொன்னேன் என்று என்னைத் திட்டியும் எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், என் கையில் இருப்பது மென்ஸ்ட்ருவல் கப்தான்: மாதவிடாய் உதிரத்தைச் சேகரிக்கப் பிறப்புறுப்புக்குள் வைத்து, கழுவி மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் சின்னக் கிண்ணம். கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

நான் பாடம் நடத்தும் செவிலியர் படிப்பு மூன்றாம் ஆண்டு வகுப்பு அது. தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குப் படிக்க வந்த பிள்ளைகளும் இங்கேயே அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இதை இதற்கு முன் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். எண்ணிக்கை ஐந்து விரலுக்குள் அடங்கிவிட்டது. முன்வரிசைப் பெண் ஒருத்தி அதை வாங்கி, விளிம்பை அழுத்திப் பார்த்து, "மருந்து அளந்து ஊற்றும் மூடியா மேடம் இது?" என்று கேட்டாள். அடுத்த வாரம் அவளுக்கு மகளிர் நோய் வார்டில் பணி. எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

அப்போதுதான் மூத்த ஆசிரியை ஒருவர் உள்ளே வந்தார். "கல்யாணம் ஆகாத பிள்ளைகள் கையில் கொடுக்கிற பொருளா இது?" என்று அத்தனை பேர் முன்னிலையில் கேட்டார். பிறகுதான் அந்தப் புகைப்படமும் வசைகளும் குழுக்களில் பரவின.

நான் பயன்படுத்தச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளச் சொன்னேன். இந்த வேறுபாடு ஏன் யாருக்கும் புரியவில்லை?

கல்யாணம் ஆகாத பிள்ளைகள் என்கிறீர்களே, அதே பிள்ளைகள்தான் வார்டில் நோயாளிக்குச் சிறுநீர்க் குழாய் பொருத்துகிறார்கள், பிரசவ அறையில் கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். அப்போது உறுத்தாத கல்யாணம் இந்தச் சின்னச் சிலிக்கோன் கிண்ணத்தைக் கண்டதும் ஏன் நினைவுக்கு வருகிறது? கப் வைத்தால் கன்னித்திரை கிழிந்துவிடும் என்ற பயம்தானே? கன்னித்திரை என்பது மூடி முத்திரையிட்ட கதவு அல்ல. அதன் வடிவம் பெண்ணுக்குப் பெண் மாறும், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் கன்னித்தன்மைச் சோதனைகளை ஒழிக்க வேண்டும் என்றது. வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இருவிரல் சோதனையை 2022இல் நம் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. நாளைக்கு வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணின் அருகில் நிற்கப்போவது இந்த மாணவிதான். வகுப்பறையில் நாம் ஊட்டும் அச்சத்தை அவள் அங்கேயும் சுமந்துகொண்டு போவாள்.

தொற்று வரும் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. 2019இல் லான்செட் இதழ்க் குழுமத்தில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு 43 ஆய்வுகளையும் சுமார் 3,300 பேரின் அனுபவத்தையும் அலசி, கப் பாதுகாப்பானதே என்றது. டாக்சிக் ஷாக் சிண்ட்ரோம் என்ற, உயிருக்கே ஆபத்தான பாக்டீரிய நச்சு நோய் மிக அரிதாக வந்திருக்கிறது. அதையும் நான் வகுப்பில் சொன்னேன். கையைக் கழுவ வேண்டும், 12 மணி நேரத்துக்கு மேல் உள்ளே வைக்கக் கூடாது, ஒவ்வொரு மாதமும் கொதிக்கும் நீரில் போட்டெடுக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். தண்ணீரும் தாழ்ப்பாளும் இல்லாத கழிப்பறையில் இது எப்படி முடியும் என்று கேட்டவருக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அவர் சொல்வது உண்மை.

கம்பெனியிடம் காசு வாங்கியிருப்பேன் என்று எழுதியவருக்குப் பதில் சொல்லப்போவதில்லை. அந்தக் கப் என் சம்பளத்தில் வாங்கியது.

நான் படித்த காலத்தில் இரவுப் பணியில் ஒருமுறை மாதவிடாய் உதிரத்தில் வெள்ளைச் சீருடை நனைந்துவிட்டது. விடியும்வரை சுவரோரமாகவே நடந்தேன். நோயாளி ஒருவர் தண்ணீர் கேட்டபோதுகூட முதுகைத் திருப்பாமல் பின்பக்கமாக நகர்ந்துபோய் எடுத்துக் கொடுத்தேன். விடுதியில் மாதவிடாய்த் துணியைத் துவைத்துப் பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவோம். மழைக்காலத்தில் அது காயவே காயாது. அந்த ஈரத்துணியைத்தான் சிலர் 'பாட்டி காலத்து நல்ல வழக்கம்' என்கிறீர்கள். வெயிலில் காயப்போட அனுமதித்திருந்தால் நானும் நல்ல வழக்கம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார், துப்புரவுப் பணியாளர். நாப்கினைக் காகிதத்தில் சுற்றிச் சிவப்புப் புள்ளி வைத்துத் தனியாகக் கொடுங்கள் என்று இந்த ஊரில் எத்தனை ஆண்டுகளாகச் சொல்கிறார்கள்! இன்றும் அவர் மற்ற குப்பையோடு கலந்து கிடப்பதைக் கையால்தான் பிரிக்கிறார். முகம் சுளிக்காமல் பேசுவார். நமக்குத்தான் பெயரைச் சொல்லவே கூசுகிறது.

கேரளத்தில் ஆலப்புழையில் 2019இலேயே ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இந்தக் கப்பை இலவசமாகக் கொடுத்தார்கள். கர்நாடக அரசே மாணவிகளுக்குக் கப் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அரசு கொடுப்பதைப் பற்றி விளக்கப்போவது யார்? செவிலியர்தானே? அவளுக்கே தெரியாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

என்னை வெட்கம் கெட்டவள் என்று எழுதியதை என் மகளும் படித்தாள். "அம்மா, நீ என்ன தப்புச் செய்தாய்?" என்று கேட்டாள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, மருந்து மூடியா என்று கேட்ட அந்தப் பெண் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். நடைவழியை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "எங்கள் அம்மா கருத்தடைக்குக் காப்பர் டி போட்டிருக்கிறார்கள் மேடம், அவர்கள் இதை வைக்கலாமா?" என்று மெல்லக் கேட்டாள். முதலில் மருத்துவரிடம் கேட்கச் சொல், வைத்தால் எடுக்கும்போது காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது, அடிப்பகுதியை அழுத்திக் காற்றுப் பிடிப்பை விடுவித்த பிறகே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கருப்பைக்குள் இருக்கும் காப்பர் டியும் இடம் பெயரலாம் என்றேன். உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். யாரோ வரும் சத்தம் கேட்டதும் கையை மூடிக்கொண்டாள்.