வெள்ளிக்கிழமை யார் வீட்டில் அன்பியம்?

ஒரு பங்குக் கோயில் எல்லோரையும் வரவேற்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், நான் ஞாயிறு திருப்பலிக்குப் போய்ப் பார்க்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயிலும் அழகாகத்தான் இருக்கும். அந்த வாரம் அன்பியம் யார் வீட்டில் கூடியது, அந்த வீட்டில் கொடுத்த தேநீரை எல்லோரும் குடித்தார்களா என்று விசாரிப்பேன். கத்தோலிக்கர் அல்லாத நண்பர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: ஒரு கோயிலின் கீழ் வரும் பகுதிதான் பங்கு. ஒரு பங்கில் அக்கம்பக்கத்தில் வசிக்கும் இருபது முப்பது குடும்பங்களை ஒரு குழுவாகச் சேர்த்து, அதற்கு ஒரு புனிதரின் பெயரை வைத்திருப்பார்கள். அதுதான் அன்பியம். முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடுவார்கள். எங்கள் பக்கம் அது வெள்ளிக்கிழமை மாலை.

இது நம் ஊரில் முளைத்த யோசனை அன்று. 1960களில் லத்தீன் அமெரிக்காவில், குருவானவர் எப்போதாவது வந்துபோகும் சிற்றூர்களில், மக்களே கூடி விவிலியம் வாசித்துத் தங்கள் பாடுகளைப் பேசத் தொடங்கினார்கள். 1968இல் மெதயீன் நகரில் கூடிய அந்தக் கண்டத்து ஆயர்கள் (பிஷப்புகள்) மாநாடு அதற்கு ஆதரவு தந்தது. கூட்டத்தை நடத்த நாம் பின்பற்றும் ஏழுபடி முறை தென்னாப்பிரிக்காவின் லும்கோ என்ற கத்தோலிக்கப் பயிற்சி நிறுவனத்திலிருந்து வந்தது. ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனத்தில் தைத்த சொல்லை வாய்விட்டுச் சொல்வது, மௌனம், பகிர்வு, செயல், மன்றாட்டு. இந்த ஏழில் ஆறாவது படியை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். "இந்த வாரம் நாம் என்ன செய்யப் போகிறோம்? யார் செய்வது? எப்போது?" என்று கேட்கும் படி அது.

தாம்பரத்தை ஒட்டிய எங்கள் பகுதியில் பாதிப்பேர் தூத்துக்குடி, நாகர்கோவில், திண்டுக்கல், செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேலைக்காக வந்து வாடகைக்குக் குடியிருப்பவர்கள். வீடு என்றால் பெரும்பாலும் ஓர் அறை, ஒரு சமையலறை. கூட்டம் நடக்கும் அன்று கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்திவைத்துவிட்டுப் பாய் விரிப்பார்கள். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்திலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வரும், அவை முட்டிவலிக்காரர்களுக்கு. ஸ்டூலின் மேல் வெள்ளைத் துணி, அதில் பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்), மெழுகுதிரி, திறந்த விவிலியம். அப்படி ஒரு மாலையில் ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த சிறுவனைப் பற்றி யோவான் நற்செய்தியிலிருந்து வாசித்தோம். பகிர்வின்போது, எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மா சொன்னார்: "அந்தப் பிள்ளையைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். விடியற்காலையில் எழுந்து அதைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய தாயைப் பற்றி யாரும் பேசுவதில்லையே." விடியற்காலையில் எழுந்து சோறு கட்டும் பெண்கள் பலர் அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை. பிறகு ஆறாவது படி வந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்த ஒரு பெண்ணின் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது என்று முடிவானது. திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று பெயரோடு பிரித்துக்கொண்டார்கள். எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறேன். நற்செய்தி இவ்வளவு சீக்கிரம் டிபன் பாக்ஸுக்குள் போனதைப் பார்த்ததில்லை.

ஆனால் பல இடங்களில் இந்த ஆறாவது படியைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள். நேரமாகிவிட்டது என்பார்கள். பங்குத்தந்தை ஊரில் இல்லை, வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்பார்கள். செபமாலை முடிந்ததும் திருவிழா வரிக்கான நோட்டு வெளியே வரும். கொடியேற்றச் செலவு யாருக்கு, சப்பரத்துக்குப் பூ யார் பொறுப்பு என்பதோடு கூட்டம் கலைந்துவிடும். திருவிழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேர் வரும் தெருவில் நிற்கும்போது எனக்கும் கண் கலங்கும். ஆனாலும் அன்பியம் வரி வசூலிக்கும் கிளையாகச் சுருங்குவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. நம் மக்கள் நாள் முழுக்க வேலை செய்த களைப்போடு வந்து உட்காருகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தை நாம் மதிக்க வேண்டாமா?

வாரந்தோறும் உருப்படியாக எதையாவது செய்வது திருச்சபைக்குப் புதிதும் அன்று. 1833இல் பாரிஸில் பிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் விவாதக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தபோது, "ஏழைகளுக்கு இன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்ற பொருளில் கேள்வி வந்தது. அதற்குப் பதிலாகப் பிறந்ததுதான் வின்சென்ட் தே பவுல் சபை. ஏழைகளின் வீட்டுக்கு எப்படிப் போவது, எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ரோசலி ராந்து என்ற அருட்சகோதரி. இன்றும் அந்தச் சபையினர் இருவர் இருவராகத்தான் வீடு தேடிப் போகிறார்கள். கூட்ட முடிவில் பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. 1921இல் டப்ளினில் தொடங்கிய மரியாயின் சேனை என்ற கத்தோலிக்க அமைப்பும் இருவர் இருவராகவே வீடுகளைச் சந்திக்கிறது. ஆனால் பண உதவி செய்வதை அதன் விதி தடுக்கிறது. அவர்கள் கையில் இருப்பது நேரம் மட்டுமே. இரண்டும் ஒரே பங்கில் நடக்கும்போது எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள்! தனியாக இருக்கும் முதியவர் ஒருவரைச் சேனைக்காரர்கள் போய்ப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். மாத்திரை வாங்கப் பணமில்லை என்று தெரியவந்தால் செய்தி சபைக்குப் போய்ச் சேரும்.

2015 டிசம்பர் வெள்ளத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. முடிச்சூர் முழுவதும் தண்ணீர். அப்போது எங்களுக்குக் கைகொடுத்தது அன்பியப் பொறுப்பாளர் ஒருவரின் பழைய டைரி. எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை, யார் தரைத்தளம், யாருக்கு மாடி இருக்கிறது என்று அவருக்கு அத்துப்படி. வாரா வாரம் அந்த வீடுகளுக்குள் போய்ப் பாயில் உட்கார்ந்த மனிதருக்குத்தான் அது தெரியும். கிறிஸ்தவர் வீடு என்று பார்த்தும் அவர் போகவில்லை. அந்த டைரியில் பக்கத்து வீடுகளும் இருந்தன.

இனி, சொல்லத் தயங்கும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்பியங்களைத் தெரு வாரியாகத்தான் பிரிக்கிறோம். நகரத்தில் ஒரே மாடிப்படியில் எல்லாச் சாதியும் குடியிருப்பதால் அது பெரும்பாலும் நல்லதாகவே முடிகிறது. கிராமத்தில் தெரு என்றால் என்ன என்று நம் எல்லோருக்கும் தெரியும். அங்கே தெரு வாரியாகப் பிரித்தால் சாதி வாரியாகப் பிரித்ததாகிவிடும். பிறகு அந்தக் குழுவுக்கு எந்தப் புனிதரின் பெயரை வைத்தாலும் ஒன்றுதான். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் மக்களைத் தனியே பிரித்து எழுப்பிய சுவர் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டுவருகிறது. உளுந்தூர்பேட்டை அருகே எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதைத் தொடர்ந்து 2008 மார்ச்சில் கலவரம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். 2016இல் இந்திய ஆயர் பேரவையே தன் தலித் கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. நல்லது. அறிக்கை ஆயர்களின் வேலை. அன்பிய எல்லையைக் கோடு போட்டுப் பிரிப்பது, பங்கு மக்களின் பிரதிநிதிகள் கூடும் நம் பங்குப் பேரவையின் வேலை. ஒரு பென்சிலும் கொஞ்சம் துணிச்சலும் இருந்தால், இரண்டு தெருக்களை ஒரே குழுவாக்கிவிடலாம். சண்டை வரும் என்று பயமுறுத்துவார்கள். வரட்டும். ஒரே கோப்பையில் கிறிஸ்துவின் இரத்தம் என்று சொல்லிக்கொண்டு, இன்னொருவர் வீட்டு டம்ளரில் தண்ணீர் குடிக்க மறுப்பவரோடு சண்டை வருவதில் தவறே இல்லை.

நகரத்தில் ஒதுக்குவது வேறு விதம். சொந்த வீட்டுக்காரர்கள் ஒரு பக்கம், வாடகைக்காரர்கள் ஒரு பக்கம். புதிதாகக் குடிவந்தவர் பிள்ளையின் முதல் நற்கருணைக்குப் பேர் கொடுக்கப் போனால், முதலில் கேட்பது பங்கில் கொடுக்கும் குடும்ப அட்டை, அடுத்தது சந்தா பாக்கி. பழைய பங்கிலிருந்து கடிதம் வாங்கிவரச் சொல்வார்கள். பதிவேடு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குடும்பம் அலுவலக வாசலில் நிற்பதற்கு முன்பே, அன்பியத்திலிருந்து இரண்டு பேர் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். தண்ணீர் லாரி எப்போது வரும், எந்த மளிகைக் கடையில் கடன் தருவார்கள், எந்த மருத்துவர் இரவிலும் பார்ப்பார் என்று சொல்லிவிட்டு வரவேண்டும். செபம் அடுத்த வாரம் செய்துகொள்ளலாம். நேரமும் கவனிக்க வேண்டிய ஒன்று. மாலை ஆறரை மணிக்குக் கூட்டம் வைத்தால் ஏற்றுமதித் துணிக் கம்பெனியிலிருந்து திரும்பும் பெண் எப்படி வருவாள்? அவள் அப்போதுதான் பஸ்ஸுக்கு நிற்கிறாள். பாடகர் குழுப் பயிற்சியைச் சனிக்கிழமை இரவுக்கு மாற்றியதும் எங்கள் பங்கில் குரல்கள் கூடின. அன்பியத்துக்கும் அதே அக்கறை தேவை.

செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் நவநாளுக்கு வருகிறவர்களில் நம்மவர் அல்லாதவர்கள் எத்தனை பேர்! மல்லிகைப்பூவும் மெழுகுதிரியும் வாங்கிக்கொண்டு வந்து, ரொட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறார்கள். அவர்களை யாரும் அட்டை கேட்பதில்லை. அருட்சகோதரிகள் நடத்தும் மாலை நேர வகுப்பிலும் அப்படித்தான். வாய்ப்பாடு சொல்லும் பிள்ளை எந்த மதம் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். இந்தத் தாராளம் நம்மிடம் இருக்கத்தான் செய்கிறது. சொந்தப் பங்குக்குள் புதிதாக வந்தவரிடமும் அதைக் காட்டினால் போதும்.

எங்கள் பங்குப் பேரவை அடுத்த மாதம் கூடுகிறது. திருவிழாக் குழுவைத் தேர்ந்தெடுப்பது முதல் பொருளாக இருக்கும். அதற்கு முன்பாக மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளுமாறு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்பிய எல்லைகளை மீண்டும் வரைய வேண்டும். வீட்டு முறையில் எந்த வீட்டையும், "அங்கே இடம் போதாது" என்று சொல்லித் தாண்டக் கூடாது. ஒவ்வொரு அன்பியத்துக்கும் புதிய குடும்பங்களைச் சந்திக்க இருவரை நியமிக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது வாடகைக்குக் குடியிருப்பவராக இருக்க வேண்டும். எங்கள் பங்கில் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால், கூட்டத்துக்கு வந்து ஆதரித்துப் பேசுங்கள். ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும், மறைக்கல்வி நடக்கும் கூடத்தில்.