பெயர் வைத்தவரை மட்டும் கேட்டால் போதாது

லத்தீன் அமெரிக்காவில் ஆளின் உருவத்தைப் பார்த்துப் பெயர் வைத்துக் கூப்பிடுவது சர்வ சாதாரணம். குண்டாக இருந்தால் கோர்தோ, ஒல்லியாக இருந்தால் ஃப்ளாக்கோ, கறுப்பாக இருந்தால் நெக்ரோ, கண் கொஞ்சம் இடுங்கியிருந்தால் எந்த நாட்டு வம்சமாக இருந்தாலும் சீனோ, அதாவது சீனன். அர்ஜென்டினாவுக்கு 1978இல் உலகக் கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் மெனோத்தியை நாடே ஃப்ளாக்கோ என்றுதான் கூப்பிட்டது. 1986இல் வாங்கித் தந்த பிலார்தோவுக்கு நரிகோன், அதாவது பெரிய மூக்கன் என்று பெயர். பாடகி மெர்சிடிஸ் சோசா கடைசிவரை அவர் ரசிகர்களுக்கு 'லா நெக்ரா'தான், அதில் துளி இளக்காரம் கிடையாது. 1950இல் மரக்கானா மைதானத்தில் பிரேசிலை வீழ்த்திய உருகுவே அணியின் கேப்டன் ஒப்துலியோ வரேலாவை 'நெக்ரோ ஹெஃபே', கறுப்புத் தலைவன் என்று இன்றைக்கும் பெருமையோடு சொல்கிறார்கள். மனைவி ஈர்க்குச்சி மாதிரி இருந்தாலும் கோர்தா என்று கொஞ்சுகிற கணவன்மார் அர்ஜென்டினா தலைநகர் புவெனோஸ் ஐரெஸ் முழுக்க உண்டு.

இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல், அகராதியில் ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு "இது இனவெறி, இது உடல் கேலி" என்று வெளியிலிருந்து தீர்ப்பு எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் "இது எங்கள் பண்பாடு, உங்களுக்குப் புரியாது" என்று சொல்லி அத்தோடு பேச்சை முடிக்கிறவர்கள் மேல் அதைவிட அதிகக் கோபம் உண்டு. இரண்டு பேரும் ஒரே ஆளைத்தான் கேட்காமல் விடுகிறார்கள்: அந்தப் பெயரால் கூப்பிடப்படுகிற ஆளை.

உருகுவே கால்பந்து வீரர் கவானியின் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் சவுத்தாம்ப்டனிடம் தோற்கவிருந்த ஆட்டம், மாற்று வீரராக இறங்கிய கவானி இரண்டு கோல் போட்டு 3-2 என்று திருப்பிவிட்டார். இன்ஸ்டாகிராமில் ஒரு நண்பர் வாழ்த்துச் சொன்னார், இவர் "கிராசியாஸ் நெக்ரிதோ" என்று பதில் போட்டார். நெக்ரோவின் செல்ல வடிவம்தான் நெக்ரிதோ, நன்றிடா செல்லம் என்கிற தொனி. உருகுவேயில் வெள்ளைத் தோல் உள்ளவர்களையும் அப்படிக் கூப்பிடுவார்கள். இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் அவருக்கு மூன்று ஆட்டத் தடையும் ஒரு லட்சம் பவுண்ட் அபராதமும் போட்டது, அதுவும் அவருக்கு இனவெறி நோக்கம் இல்லை என்று ஒப்புக்கொண்ட பிறகு. உருகுவேயின் தேசிய இலக்கிய அகாடமியே கண்டித்து அறிக்கை விட்டது. அந்தக் கண்டனம் நியாயம் என்றுதான் நினைக்கிறேன். சொன்னவரும் கேட்டவரும் நண்பர்கள், இரண்டு பேருக்கும் அந்தப் பேச்சு தெரியும், புண்பட்டேன் என்று அந்த நண்பர் சொல்லவில்லை. தண்டனை கொடுக்கும் அளவுக்கு அதில் என்ன இருந்தது?

சரி, அப்படியென்றால் 2011இல் இன்னொரு உருகுவே வீரரான, லிவர்பூலுக்கு ஆடிய சுவாரெஸ் செய்ததும் அதேதானே என்பார்கள். அன்றைக்கு அவர் சொன்ன காரணமும் ஏறக்குறைய இதுதான், எங்கள் ஊரில் சாதாரணமாகச் சொல்வோம் என்று. அங்கேதான் நான் வேறுபடுகிறேன். ஆன்ஃபீல்டில் லிவர்பூலும் யுனைடெட்டும் மோதிய ஆட்டம், சுவாரெஸும் யுனைடெட்டின் கறுப்பின வீரர் எவ்ராவும் வாய்ச்சண்டையில் இருக்கிறார்கள், எவ்ராவுக்கு ஸ்பானிஷ் தெரியும், சண்டையே ஸ்பானிஷில்தான் நடக்கிறது. அந்தச் சூட்டில் நெக்ரோ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஏழு தடவை சொன்னார் என்று விசாரணைக் குழு முடிவுக்கு வந்தது. இடையில் எவ்ராவின் கையைக் கிள்ளியும் இருக்கிறார். சமாதானப்படுத்தத்தான் கிள்ளினேன் என்ற விளக்கத்தைக் குழு ஏற்கவில்லை. எட்டு ஆட்டத் தடை, 40,000 பவுண்ட் அபராதம். லத்தீன் அமெரிக்காவை நன்கு அறிந்த இரண்டு வல்லுநர்களை அந்தக் குழு கேட்டது என்பதை இந்த விவாதத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள். நட்பாகப் பேசும்போது அந்தச் சொல் உருகுவேயில் புண்படுத்தாது என்று அவர்கள் தெளிவாகவே சொன்னார்கள். கூடவே, எவ்ரா சொல்கிற விதத்தில் அது சொல்லப்பட்டிருந்தால் உருகுவேயிலும் அது வசவுதான் என்றும் சொன்னார்கள். அதாவது பண்பாட்டைக் காரணம் காட்டியவருக்கு அந்தப் பண்பாடே துணைக்கு வரவில்லை. உருகுவே தலைநகர் மான்டிவீடியோவில் யாரிடமாவது சண்டையின் நடுவே அதைச் சொல்லியிருந்தாலும் அடி விழுந்திருக்கும்.

பேஸ்பால் உலகில் நடந்த ஒன்று இன்னும் நேரடியானது. அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான 2017 உலகத் தொடரில் கியூபாவைச் சேர்ந்த யூலி குரியேல், ஜப்பானிய வீரரான யூ தர்விஷ் வீசிய பந்தை ஹோம் ரன் அடித்துவிட்டுத் தன் அணி இருக்கைக்கு வந்து, கண்ணை விரலால் இழுத்துக் காட்டி "சினித்தோ", அதாவது குட்டிச் சீனன் என்றார், கேமராவில் பதிவானது. கியூபாவில் ஆசிய முகம் உள்ள எல்லோரையும் சீனோ என்போம் என்று சொன்னார், அது உண்மைதான். ஆனால் அவர் ஜப்பானில் விளையாடியவர், அங்கே இது புண்படுத்தும் என்று தனக்குத் தெரியும் என்பதையும் அவரே சொல்லி மன்னிப்புக் கேட்டார். ஐந்து ஆட்டம் தடை. எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஊர் வழக்கம் ஒன்று, எதிரில் இருப்பவர் யார் என்பது ஒன்று, முதலாவதைச் சொல்லி அவர் இரண்டாவதை மறைக்கவில்லை.

இந்தப் பண்பாடு, பண்பாடு என்கிறோமே, அது ஒரே குரலில் பேசுகிறதா என்ன? 1940களில் அர்ஜென்டினாவின் உள்மாகாணங்களிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு புவெனோஸ் ஐரெஸுக்கு வந்த மாநிற மக்களை நகரத்து நடுத்தர வர்க்கம் 'கபெசிதா நெக்ரா', கறுப்புத் தலை என்று சொன்னது. அது செல்லப்பெயர் இல்லை, இவர்கள் நம் தெருவில் எப்படி நடமாடலாம் என்கிற அருவருப்பு. வீட்டுக்குள் மனைவியை 'நெக்ரா' என்று கொஞ்சிய அதே வாய், வாசலில் நின்ற தொழிலாளியை அதே சொல்லால் ஏசியது. பெருவில் ஜப்பானிய வம்சாவளி அரசியல்வாதி ஃபுஜிமோரி 'சீனோ' என்ற பெயரைத் தானே எடுத்துக்கொண்டு 1990 தேர்தலில் லிமாவின் வெள்ளை மேட்டுக்குடிக்கு எதிரான அடையாளமாக ஆக்கிக்கொண்டார். அவரால் முடிந்தது. பள்ளிக்கூடத்தில் அதே பெயரால் துரத்தப்படுகிற பையனால் அது முடியாது. அவனுக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்று சொல்லவே வழி இல்லை, சொன்னால் "என்னடா, விளையாட்டுக்குச் சொன்னால் கோபப்படுகிறாய்" என்பார்கள். கோர்தோ என்று கூப்பிடப்படுகிற பருமனான குழந்தைகளும் எல்லோரும் சிரிக்கும்போது கூடவே சிரிக்கப் பழகிக்கொள்கிறார்கள், அந்தச் சிரிப்பைத்தான் நாம் சம்மதம் என்று கணக்கு வைக்கிறோம். என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான். வேண்டாம் என்றால் நிறுத்துவார்கள் என்ற உறுதி இருக்கிற இடத்தில் மட்டும்தான் அது செல்லப்பெயர்.

2011 கணக்கெடுப்பின்படி உருகுவே மக்கள்தொகையில் சுமார் 8 சதவீதம் பேர் ஆப்பிரிக்க வம்சாவளியினர். 2013இல் அவர்களின் பண்பாட்டு இல்லம் ஒரு பிரசாரம் நடத்தியது. கடுமையாக உழைப்பதைக் 'கறுப்பனைப் போல உழைப்பது' என்று சொல்லும் வழக்கை மாட்ரிட்டில் உள்ள ஸ்பானிஷ் மொழிக் கழகம் தன் அகராதியிலிருந்து எடுக்க வேண்டும் என்று கேட்டது. அடிமைக் காலத்தின் மிச்சம் அந்தச் சொற்றொடர். கேட்டவர்களும் உருகுவேக்காரர்கள்தான், அவர்களுக்கும் அதே மொழி, அதே பண்பாடு. கவானிக்காக இன்றும் வாதாடுகிறவர்கள், நானும் அவர்களில் ஒருவன், உருகுவேயின் பண்பாடு இதுதான் என்று சொல்ல ஆரம்பிக்கும் முன் இந்த மக்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் கேளுங்கள்.